ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்... ரைஃபிளுக்கு மூன்று தோட்டா பதமா?

அமெரிக்காவில் நவம்பர் பிறந்தால் மான் வேட்டை சீசன் களைகட்டும். விஸ்கான்சின் மாநிலத்தின் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைக்கு மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் லைசென்ஸ் வாங்குகிறார்கள். பென்சில்வேனியாவில் சீசன் தொடங்குவதையொட்டி வரும் திங்கட்கிழமை பல பள்ளிகளுக்கு லீவு விடுவது பல வருட வழக்கம். நமக்குப் பொங்கல் லீவு மாதிரி, அங்கே பல குடும்பங்களுக்கு இது.

இந்தக் கூட்டத்தில் ஒரு தனி ரகம் உண்டு. கடையில் விற்கும் தோட்டாவை வாங்காமல், வீட்டு ஷெட்டில் உட்கார்ந்து தங்கள் ரைஃபிளுக்கான தோட்டாவைத் தாங்களே தயாரித்துக் கொள்பவர்கள். இதற்குப் பெயர் ஹேண்ட்லோடிங். வெடிமருந்தைக் குறைத்து, கூட்டி, எடை போட்டு, சுட்டுப் பார்த்து, ‘இந்தக் கலவைதான் என் ரைஃபிளுக்கு செட் ஆகுது’ என்று கண்டுபிடிக்கப் பல மாதங்கள் செலவழிப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கண்டுபிடிப்புகளில் பெரும்பகுதி கண்டுபிடிப்பே அல்ல. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்தக் கதையை நம்பி ஒருவர் காட்டுக்குள் போகும்போது, விலையைக் கொடுப்பது அவர் அல்ல, மான்.

முதலில் ஒரு விஷயம்

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம். எனவே இது நம் ஊரில் யாரும் செய்து பார்க்கிற வேலை அல்ல. அமெரிக்காவில் வேட்டைக்கான நாட்களையும் எண்ணிக்கையையும் மாநில அரசுகளே முடிவு செய்கின்றன. ஹேண்ட்லோடிங்கும் அங்கே சட்டப்படியான பொழுதுபோக்கு. ‘மானைக் கொல்லணுமா?’ என்பது நியாயமான கேள்வி. அது தனி விவாதம். ஆனால் சட்டம் அனுமதித்த இடத்தில், சுடுபவர் அந்த விலங்குக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச நியாயம் ஒன்று இருக்கிறது: அது துடிக்காமல், உடனே சாக வேண்டும். இங்கே பேச்சு அதைப் பற்றித்தான்.

ஹேண்ட்லோடிங் எப்படி நடக்கிறது?

ஒரு ரைஃபிள் தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் நெருப்புப் பொறியைக் கொடுக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்துப் பவுடர், மேலே செருகப்பட்ட குண்டு. சுட்ட பிறகு குண்டும் பவுடரும் பிரைமரும் தீர்ந்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அதை மறுபடி பயன்படுத்தலாம்.

சுடும்போது கூடு உப்பிவிடும். அதை அச்சில் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருவார்கள். நீண்டுபோன கழுத்தை வெட்டிச் சீராக்குவார்கள். புது பிரைமர், எடை போட்ட பவுடர், புது குண்டு. அவ்வளவுதான், தோட்டா ரெடி.

பவுடரை ‘கிரெய்ன்’ என்ற அளவில் எடை போடுவார்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். அதாவது ஒரு கிரெய்ன் சுமார் 65 மில்லிகிராம். ஹேண்ட்லோடர்கள் அதிலும் பத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் பார்ப்பார்கள். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வந்த ‘.30-06’ ஆகட்டும், 1952-இல் வந்த ‘.308 வின்செஸ்டர்’ ஆகட்டும், 2007-இல் வந்த ‘6.5 கிரீட்மோர்’ ஆகட்டும், எல்லா மான் ரைஃபிள்களுக்கும் இந்த வைத்தியம் நடக்கிறது.

காசு மிச்சம், கடையில் கிடைக்காத குண்டைப் பயன்படுத்தும் வசதி, கையால் செய்யும் திருப்தி என்று காரணங்கள் பல. அதிகம் சொல்லப்படும் காரணம் துல்லியம்.

‘குரூப்’ என்றால் என்ன?

துல்லியத்தை அளக்க இவர்கள் வைத்திருக்கும் அளவுகோல் குரூப். 100 கஜ தூரத்தில் ஒரு காகிதம். மேஜையில் மணல் பை வைத்து, ரைஃபிளை அதன்மேல் அசையாமல் வைத்து, ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று தோட்டா. காகிதத்தில் விழுந்த மூன்று ஓட்டைகளில் அதிகம் விலகியிருக்கும் இரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரம்தான் குரூப்.

ஒரு அங்குலம் வந்தால் நல்ல ரைஃபிள். அரை அங்குலம் வந்தால் செம ரைஃபிள்! அந்தக் காகிதத்தை மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு, பார்ப்பவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுபவர்களும் உண்டு.

இதில் ‘மூன்று’ என்ற எண் எப்படி வந்தது? அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வேட்டை ரைஃபிளின் பேரல் மெல்லியது. காட்டில் நாள் முழுக்கத் தூக்கி நடக்க வேண்டுமே. நாலைந்து ஷாட் தொடர்ந்து சுட்டாலே சூடாகிவிடும். இன்னொன்று, செலவு. 2020 தொடங்கிச் சில ஆண்டுகள் அமெரிக்காவில் பிரைமருக்கு வந்த தட்டுப்பாட்டை யாரும் மறக்கவில்லை. எனவே மூன்று ஷாட் சுட்டு முடிவுக்கு வருவது பழக்கமாகிவிட்டது.

பழக்கம் புரிகிறது. கணக்குதான் இடிக்கிறது.

மூன்று ஏன் ஏமாற்றுகிறது?

ஒரு எளிய உண்மையில் இருந்து தொடங்கலாம். ஒரு குரூப்பில் நான்காவது ஷாட்டைச் சேர்த்தால் அது பெரிதாகலாம், அல்லது அதே அளவில் இருக்கலாம். ஒருபோதும் சிறியதாக ஆகாது. ஆக, குறைவாகச் சுடச் சுட ரைஃபிள் நல்லதாகத் தெரியும்.

எவ்வளவு நல்லதாக? குண்டுகள் எல்லாத் திசையிலும் இயல்பாகச் சிதறுகின்றன என்று வைத்துக்கொண்டால், இதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். மூன்று ஷாட்டில் சராசரியாக ஒரு அங்குல குரூப் தரும் ரைஃபிள், ஐந்து ஷாட்டில் சுமார் 1.27 அங்குலம் தரும். பத்து ஷாட்டில் சுமார் 1.6 அங்குலம். இருபது ஷாட்டில் 1.8 அங்குலத்துக்கும் மேல். ரைஃபிள் மாறவில்லை, தோட்டா மாறவில்லை, சுடுபவரும் மாறவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் மாறியது.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. ‘சராசரியாக ஒரு அங்குலம்’ என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு அங்குலம் வரும் என்று அர்த்தமில்லை. மூன்று ஷாட் குரூப் தன் சராசரியில் இருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதும் குறைவதும் சர்வ சாதாரணம். காலையில் 0.6, மதியம் 1.4 என்று வந்தால் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. இரண்டுமே அதே ரைஃபிள்தான்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு பேட்ஸ்மேனின் மூன்று இன்னிங்ஸை மட்டும் பார்த்து ‘இவர் சராசரி 80’ என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஆப் டிசைன் செய்யும் டீமில் ஒருவர், பச்சை பட்டனை மூன்று பேருக்கும் நீல பட்டனை மூன்று பேருக்கும் காட்டிவிட்டு ‘பச்சைதான் வின்னர்’ என்று மெயில் போட்டால், அடுத்த மீட்டிங்கில் கிழித்துவிடுவார்கள். துப்பாக்கி மேஜையில் மட்டும் அதே முடிவுக்குக் கைதட்டல் கிடைக்கிறது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சோற்றுக்குச் சரி. ஒரே பானை, ஒரே தண்ணீர், ஒரே தீ. எல்லாப் பருக்கையும் சேர்ந்தே வேகும். ஒவ்வொரு ஷாட்டும் அப்படியல்ல. கொஞ்சம் காற்று, கொஞ்சம் மூச்சு, குண்டின் எடைப் பரவலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோணல் என்று ஒவ்வொன்றும் தனித்தனி உலை.

ஏணியில் ஏறுகிறார்களா, வழுக்குகிறார்களா?

ஹேண்ட்லோடர்களிடம் மிகப் பிரபலமான முறை ‘லேடர் டெஸ்ட்’. கையேட்டில் சொன்ன குறைந்தபட்ச அளவில் தொடங்கி, பவுடரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஏணிப்படி மாதிரி பத்து வகைக் கலவை தயாரிப்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றோ மூன்றோ ஷாட். எந்தப் படியில் குரூப் சிறியதாக வருகிறதோ, அதுதான் ரைஃபிளுக்குப் பிடித்த ‘நோட்’ என்று முடிவு செய்வார்கள்.

இப்போது ஒரு சோதனையைக் கற்பனை செய்து பாருங்கள். பத்து கலவைகளும் உண்மையில் சமம். எல்லாவற்றுக்கும் சராசரி ஒரு அங்குலம். ஒவ்வொன்றிலும் மூன்று ஷாட் சுட்டால் என்ன வரும்? வெறும் அதிர்ஷ்டத்தாலேயே, பத்தில் சிறந்தது அரை அங்குலத்தை ஒட்டி வரும். மோசமானது ஒன்றரை அங்குலத்தைத் தாண்டும். பார்ப்பவருக்கு ‘ஆறாவது படி சூப்பர், எட்டாவது படி வேஸ்ட்’ என்று தெளிவாகத் தெரியும். அங்கே வித்தியாசமே கிடையாது!

அடுத்த வாரம் ஆறாவது படிக் கலவையை மறுபடி சுட்டால் ஒரு அங்குலத்துக்கு மேல் வருகிறது. ‘வெயில் மாறிடுச்சு’, ‘பவுடர் லாட் வேற’, ‘நான்தான் ஒரு ஷாட்டை இழுத்துட்டேன்’ என்று காரணம் தேடுவார்கள். அந்த விலகிய ஷாட்டைக் கணக்கில் சேர்க்காமலும் விடுவார்கள். பிடித்த முயலுக்கு மூன்றே கால். பிறகு மறுபடியும் ஏணி, மறுபடியும் பவுடர், மறுபடியும் செலவு.

ஷாட்டின் வேகத்தை அளக்கும் கருவியை வைத்துக்கொண்டு, மூன்று ஷாட்டில் ‘வேகம் சீராக இருக்கிறது’ என்று முடிவெடுப்பதும் இதே ரகம்தான்.

இந்தத் துறைக்கு உள்ளேயே இதைப் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பது நல்ல விஷயம். குண்டு தயாரிக்கும் ஹார்னடி நிறுவனத்தின் பொறியாளர்கள் 2022-இல் தங்கள் பாட்காஸ்ட்டில், வழக்கமான குரூப்களில் ஷாட்களின் எண்ணிக்கை போதவே போதாது என்று விரிவாகப் பேசினார்கள். இருபது, முப்பது ஷாட் சுட்டுப் பார்த்தால்தான் ஒரு தோட்டாவின் உண்மையான குணம் தெரியும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பலருக்குக் கோபம் வந்தது. பல வருடமாகச் சேகரித்த காகிதங்களின் மதிப்பு ஒரே நாளில் இறங்கினால் கோபம் வரத்தானே செய்யும்?

அப்போ துல்லியம் எங்கிருந்து வருகிறது?

ஹேண்ட்லோடிங் வீண் என்று சொல்ல வரவில்லை. எங்கே பலன் இருக்கிறதோ அங்கே உழைக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

பெரிய வித்தியாசத்தைத் தருபவை பெரும்பாலும் பெரிய விஷயங்கள். குண்டின் தரம், அந்தக் குண்டின் நீளத்துக்கும் பேரலின் உள்முறுக்குக்கும் உள்ள பொருத்தம், பேரலின் தரம், பேரல் முனையில் அடிபட்ட தடம் எதுவும் இல்லாமல் இருப்பது, ரைஃபிளைக் கட்டையோடு பிணைக்கும் ஸ்க்ரூக்களின் இறுக்கம், ஸ்கோப் ஆடாமல் நிற்பது. ‘என் தோட்டா சரியில்லை’ என்று மாதக்கணக்கில் பவுடரை மாற்றிக்கொண்டிருப்பவரின் ஸ்கோப் ஸ்க்ரூ லூஸாக இருந்த கதைகள் எல்லா ரேஞ்சிலும் உண்டு.

ஒரு குண்டும் பவுடரும் சேர்ந்து பத்து ஷாட்டில் மூன்று அங்குலம் சிதறினால், பவுடரை 0.2 கிரெய்ன் கூட்டிக் குறைத்து அதைக் காப்பாற்றப் பார்ப்பதில் அர்த்தமில்லை. குண்டை மாற்ற வேண்டும், அல்லது பவுடரையே வேறு வகைக்கு மாற்ற வேண்டும்.

வேகத்தில் வரும் சிறு வித்தியாசத்துக்கும் இதே கதைதான். விநாடிக்கு 2,800 அடி வேகத்தில் போகும் குண்டு 30 அடி வேகம் குறைந்து போனால், 200 கஜத்தில் அது கூடுதலாக இறங்குவது கால் அங்குலம்கூட இல்லை. அதே தூரத்தில், மணிக்கு 10 மைல் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று ஒரு சாதாரண மான் குண்டைச் சுமார் மூன்று அங்குலம் தள்ளிவிடும். எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காகிதத்தில் மிகச் சிறிய குரூப் தருபவை போட்டிக்கான குண்டுகள். அவை விலங்கின் உடலுக்குள் சரியாக விரிவதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. புகழ்பெற்ற ‘மேட்ச்கிங்’ குண்டைத் தயாரிக்கும் சியரா நிறுவனமே அதை வேட்டைக்குப் பரிந்துரைப்பதில்லை. குரூப்பை மட்டும் பார்த்துக் குண்டைத் தேர்வு செய்பவர், மானுக்குத் தவறான குண்டோடு போய் நிற்பார்.

‘ஆனா வேட்டையில ஒரே ஒரு ஷாட்தானே?’

ஹேண்ட்லோடர்கள் வைக்கும் வலுவான எதிர்வாதம் இது. காட்டில் இருபது ஷாட் யாரும் சுடப்போவதில்லை. குளிர்ந்த பேரலில் இருந்து ஒன்று, அதிகம் போனால் இரண்டு. அப்புறம் இருபது ஷாட் சோதனை எதற்கு?

கேள்வி நியாயமானது. ஆனால் பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அந்த ஒரே ஒரு ஷாட், மூன்று ஷாட் குரூப்பில் விழுந்த இடத்தில்தான் விழும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. அது இருபது ஷாட் வட்டத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் விழலாம். வாய்ப்பு ஒன்றே ஒன்று என்பதால்தான் அந்த வட்டத்தின் உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இருபதையும் ஒரே மூச்சில் சுட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ரேஞ்சுக்குப் போகும் ஒவ்வொரு நாளும் குளிர்ந்த பேரலில் மூன்று ஷாட். ஒவ்வொரு முறையும் அதே இடத்தைக் குறிவைத்து, ஸ்கோப்பைத் தொடாமல். ஏழு முறை போய்விட்டு, ஏழு காகிதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் இருபத்தோரு ஓட்டைகள் தெரியும். அதுதான் அந்த ரைஃபிளின் உண்மையான முகம். பேரல் சூடாகும் என்ற பிரச்சினையும் இல்லை. தோட்டாவும் கூடுதலாகச் செலவாகாது, ஏணிக்குப் போனதைவிடக் குறைவுதான்.

ஸ்கோப்பைச் சரிசெய்வதற்கும் இது உதவும். ஒரு அங்குல ரைஃபிளில், மூன்று ஷாட்டின் மையப்புள்ளியே உண்மையான மையத்தில் இருந்து சராசரியாக 0.3 அங்குலம் விலகியிருக்கும். பெரும்பாலான ஸ்கோப்களில் ஒரு கிளிக் திருகினால் 100 கஜத்தில் கால் அங்குலம் நகரும். அதாவது மூன்று ஷாட்டை நம்பி ஒரு கிளிக் திருகுபவர், சில நேரம் சரியாக இருப்பதைத்தான் கெடுத்துக்கொள்கிறார்.

மானின் கணக்கு

வெள்ளை வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியை வேட்டைக்காரர்கள் சுமார் 8 அங்குல வட்டமாகக் கணக்கிடுவார்கள். குண்டு அதற்குள் விழுந்தால் மான் சீக்கிரம் விழும். வெளியே வயிற்றிலோ காலிலோ பட்டால் ஓடும். தடம் தெரியாமல் போனால், எங்கோ ஒரு புதரில் பல மணி நேரம் துடித்துத்தான் சாகும்.

‘என்னோடது அரை அங்குல ரைஃபிள்’ என்று நம்பும் ஒருவருக்கு 400 கஜம் பெரிய தூரமாகத் தெரியாது. தூரத்தோடு சிதறலும் பெருகும். 400 கஜத்தில் அரை அங்குலம் இரண்டு அங்குலம் ஆகும். எட்டு அங்குல வட்டத்தில் இரண்டு அங்குலம்தானே, தாராளமாக இடம் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

அந்த அரை அங்குலம் பத்துப் படி ஏணியில் கிடைத்த லாட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையான பத்து ஷாட் சிதறல் 1.6 அங்குலம். 400 கஜத்தில் அது 6.4 அங்குலம். எட்டு அங்குல வட்டத்தில் ஒவ்வொரு பக்கமும் மிஞ்சுவது 0.8 அங்குலம். இது மணல் பைமேல் வைத்துச் சுட்ட கணக்கு. காட்டில் மேஜை இல்லை. மூச்சிரைப்பு, குளிரில் விறைத்த விரல், நடுங்கும் முழங்கால் எல்லாம் உண்டு. அதே 10 மைல் குறுக்குக் காற்று அந்தத் தூரத்தில் குண்டை ஒரு அடிக்கு மேல் தள்ளும்.

மாறாக, 150 கஜத்துக்குள் சுடுபவருக்கு அந்த 1.6 அங்குல ரைஃபிளே போதும். அங்கே அது இரண்டரை அங்குலத்துக்குள் அடங்கிவிடும். காற்றும் பெரிதாக மிரட்டாது. அரை அங்குலத்தைத் தேடி அவர் செலவழித்த மாதங்கள் மானுக்கு எந்த வகையிலும் உதவவில்லை. பொய்யான அரை அங்குலமோ அவரை 400 கஜத்துக்கு இழுத்துப் போயிருக்கும். தவறான நம்பிக்கை, மோசமான ரைஃபிளைவிட மோசமானது.

என்ன செய்ய வேண்டும்?

* கையேட்டில் உள்ள அளவைத் தாண்டக் கூடாது. குறைந்தபட்சத்தில் தொடங்கித்தான் கூட்ட வேண்டும். ‘.30-06’ தோட்டாவுக்குள் எழும் அழுத்தத்தின் வரம்பு சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. முகத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும் விஷயத்தில் சோதனை முயற்சி கூடாது.

* மேஜையில் ஒரே ஒரு பவுடர் டப்பா மட்டும் இருக்க வேண்டும். பவுடர் மாறிப்போவதும் இரண்டு முறை கொட்டுவதும்தான் துல்லியத்தைவிட முதலில் கவலைப்பட வேண்டியவை.

* முதலில் மானுக்கு ஏற்ற குண்டு. பிறகு அதற்கு ஏற்ற பவுடர். பத்து ஷாட்டில் சரிவரவில்லை என்றால் மில்லிகிராமோடு மல்லுக்கட்டாமல் ஆளையே மாற்றிவிடுவது நல்லது.

* கூடு எந்தச் சிக்கலும் இல்லாமல் அறைக்குள் நுழைய வேண்டும். காட்டில் சிக்கிக்கொள்ளும் துல்லியமான தோட்டாவைவிட, சுமாரான தோட்டா மேல்.

* இருபது ஷாட்டுக்குக் குறைவாக எதையும் ‘நிரூபணம்’ என்று சொல்லக் கூடாது. விலகிய ஷாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அது விலகியதும் உண்மைதான்.

கடைசியாக, மிச்சமாகும் பிரைமரையும் பவுடரையும் மேஜையை விட்டு எழுந்து செலவழிக்க வேண்டும். எட்டு அங்குல பேப்பர் பிளேட் ஒன்றை நட்டுவைத்து, உட்கார்ந்தபடி, மண்டியிட்டபடி, மரத்தில் சாய்ந்தபடி பத்து ஷாட். பத்தும் பிளேட்டுக்குள் விழும் தூரம் எதுவோ, அதுதான் அந்த வேட்டைக்காரரின் எல்லை. 120 கஜம் என்று வந்தால் 120 கஜம்தான். பர்ஸில் இருக்கும் அரை அங்குலக் காகிதம் எதைச் சொன்னாலும் சரி.